கண்ணாடிப் பெட்டிக்குள் அடகுச் சீட்டு

அத்தை பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளியின் அருங்காட்சி அறையில், அவருக்கென்று வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் என்னென்ன வைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, முதலில் எங்கள் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளித் தண்டை கட்டாயம். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை கட்டாயம். கல்யாணப் பட்டு, ஜரிகை கறுத்துப் போயிருந்தாலும் பரவாயில்லை. பித்தளை அண்டா பெட்டிக்குள் நுழையாது, அதைத் தரையில் வைத்துச் சுற்றிலும் கயிறு கட்டிவிடலாம். சண்டை வந்தது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த காகிதங்களால்தான்.

அவை அடகுச் சீட்டுகள்.

“அக்கா மானமா வாழ்ந்துட்டுப் போச்சு. சேட்டுக் கடை வாசல்ல அது நின்ன கதைய எதுக்கு ஊருக்குக் காட்டோணும்?” என்றார் சித்தப்பா. பள்ளிக்கூடத்துக் குழுவில் இருந்தவர்களும் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார்கள்: “அம்மாவோட பெருந்தன்மையத்தான் பசங்க பார்க்கணும், கஷ்டத்த இல்லைங்க.” இந்தப் பதிவே அந்தப் பேச்சுக்கு நான் அன்றைக்குக் கோவையாகச் சொல்ல முடியாத பதில். அத்தை உயிரோடு இருந்தபோது மாணவிகளுக்குக் காட்டிய பெருந்தன்மைக்கு அந்தச் சீட்டுகளைத் தவிர வேறு எழுத்துச் சான்று கிடையாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியத்தை, அதாவது என் அப்பாவின் அக்கா, 1930களில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருந்த வீட்டில் பிறந்தவர். ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாமா சின்ன வயதிலேயே போய்விட்டார். குழந்தை இல்லை. அத்தை மலையிலிருந்து இறங்கி வந்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பெண்கள் பள்ளியில் ஓய்வு பெறும் வரை பாடம் சொல்லிக்கொடுத்தார். தன் சம்பளத்தில் வாங்கிய சின்ன வீட்டை அந்தப் பள்ளிக்கே உயில் எழுதினார். அதை விற்ற பணத்தில் வகுப்பறைகளும் மாணவிகளுக்குக் கழிப்பறைகளும் வந்தன. வீட்டுச் சாமான்களில் பள்ளி விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்று உயிலில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியிலிருந்துதான் இந்த அருங்காட்சி அறை முளைத்தது. பழைய நூலக அறைக்கு வெள்ளையடித்து, பழைய மாணவிகள் பணம் போட்டு, பள்ளியின் பழைய புகைப்படங்கள், கோப்பைகள், ஒரு மணி, ஒரு பூகோள உருண்டை, நடுவில் அத்தைக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி.

சேலத்தில் வெள்ளி என்றால் நகைக்கடை விளம்பரத்தில் வருகிற வெள்ளி அல்ல. ஒரு கொலுசு பத்து வீடு ஏறி இறங்கி உருவாகும். கட்டி வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பது ஒரு வீடு, கம்பியை வளையமாக்கிக் கோப்பது இன்னொரு வீடு, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது ஒரு வீடு, சலங்கை கட்டுவது ஒரு வீடு, மெருகு போடுவது வேறொரு வீடு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், கொண்டலாம்பட்டி என்று இந்தச் சங்கிலி ஊரைச் சுற்றி ஓடும். சுத்த வெள்ளி ரொம்ப மெத்து, காலில் போட்டால் நெளிந்துவிடும். அதனால் செம்பு கலப்பார்கள். எவ்வளவு வெள்ளி, எவ்வளவு செம்பு என்பதை ‘டச்’ என்று சொல்வார்கள். எங்கள் தாத்தா காலத்துத் தண்டையை ஒரு பட்டறைக்காரரிடம் காட்டினால், கையில் தூக்கிப் பார்த்தே, “இந்த டச்சு இப்ப யாருங்க போடுறாங்க” என்பார்.

அத்தை கொண்டுபோன சீர் தாத்தாவின் பட்டறையில்தான் அடித்தது: தண்டை ஒரு ஜோடி, கொலுசு ஒரு ஜோடி, குங்குமச் சிமிழ், சந்தனக் கிண்ணம், பாலாடை. இதை வெறும் ஆசைச் சீர் என்று நினைத்துவிடக் கூடாது. அப்பா வழிச் சொத்தில் அத்தைக்குக் கிடைத்ததே இவ்வளவுதான். பட்டறையும் வீடும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் போயின. தமிழ்நாட்டில் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சம உரிமை என்று சட்டம் வந்தது 1989-ல். அந்தச் சட்டமும் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்குப் பொருந்தாது என்று ஒரு கோடு போட்டிருந்தது. அத்தை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். ஆனால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒரு பெண் தன் வசம் வைத்திருக்கும் சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்றது. விற்கலாம், வைக்கலாம், கொடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆக, அந்த வெள்ளிதான் அத்தையின் பங்கு, அத்தையின் வங்கி, அத்தையின் முதலீடு. பள்ளியின் பெயர் அட்டையில் ‘பாரம்பரிய அணிகலன்கள்’ என்று எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பாரம்பரியம் சரிதான், ஆனால் தண்டை அத்தையின் காலில் இருந்த நாளைவிட அடகுக் கடைப் பெட்டியில் இருந்த நாள்தான் அதிகம்.

சீட்டுகளைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

அடகுக் கடைக்காரர்களுக்கென்று இந்த மாகாணத்தில் 1943-லேயே சட்டம் வந்துவிட்டது. அடகு வைத்தவருக்குச் சீட்டுக் கொடுத்தாக வேண்டும் என்பது அதில் ஒன்று. பொருள், எடை, கொடுத்த தொகை, தேதி, வைத்தவர் பெயர். அத்தை இந்தச் சீட்டுகளை மீட்ட பிறகும் தூக்கிப் போடவில்லை. மீட்டதன் மேல் பென்சிலால் ஒரு குறுக்குக் கோடு. பின்பக்கத்தில், தன் சின்னச் சின்ன எழுத்தில், ஒரு மாணவியின் முதலெழுத்தும் ஒரு சொல்லும்: ‘ச. விடுதி’, ‘ப. டிரெய்னிங்’, ‘மு. நர்சிங் பீஸ்’, ‘ரா. புஸ்தகம்’. ஒரு சீட்டில் மட்டும், ‘அவ அம்மாவுக்குத் தெரியக்கூடாது’.

சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் ஜூன் மாதம். பள்ளி திறக்கிற, மேல்படிப்புக்குச் சேர்கிற மாதம். மீட்டது தை, மாசியில். சில வருடம் மீட்கவே இல்லை. அந்தக் காலத்தில் பள்ளிப் படிப்புக்குச் சம்பளம் கட்ட வேண்டாம் என்று ஆகிவிட்டது உண்மைதான். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்ணை ஆசிரியர் பயிற்சிக்கோ நர்சிங்கிற்கோ அனுப்ப வேண்டுமென்றால், பெட்டி வேண்டும், இரண்டு செட் உடை வேண்டும், விடுதி முன்பணம் வேண்டும். தறிக்கூலியில் வாழும் வீட்டிலும், மலையில் காப்பி பறிக்கப் போகும் வீட்டிலும் ஜூன் மாதத்தில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அத்தையின் தண்டையிலிருந்து வந்தது.

எடை விவரத்திலும் ஒரு கதை இருக்கிறது. பழைய சீட்டுகளில் தோலாக் கணக்கு. 1956-ல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து, படிப்படியாகக் கடைகளுக்குள் நுழைந்தது. பிந்தைய சீட்டுகளில் கிராம். ஒரு தோலா என்பது 11.66 கிராம். முதல் சீட்டில் தண்டை ஜோடி 20 தோலா, அதாவது சுமார் 233 கிராம். கடைசிச் சீட்டில் 226. “வேற வேற தராசு, வேற வேற கடை, இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது” என்கிறான் என் தம்பி, அவன் எஞ்சினீயர். சொல்ல முடியாதுதான். ஆனாலும் ஒவ்வொரு முறை மீட்டு வந்ததும் விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்துத்தான் அத்தை பெட்டியில் வைப்பார். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி துணியோடு போகிறது என்பதும் உண்மை.

மீட்காமல் மூழ்கிப் போனது கொலுசு. சிமிழும் அப்படியே. அவை எந்த மூசையில் உருகி யார் காலுக்குப் போயினவோ. ஆக, கண்ணாடிப் பெட்டியில் இருப்பது அத்தையின் ‘பாரம்பரிய அணிகலன்கள்’ அல்ல, அவற்றில் மீண்டு வந்த பாதி. மூழ்கிய பாதிக்குச் சீட்டுதான் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால், அந்தப் பாதி இருந்ததே யாருக்கும் தெரியாது.

சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. அப்புறம் வேறொரு வழியாகப் போனேன்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் ராஜராஜன் வெட்டச் சொன்ன கல்வெட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். தன் 26-ஆவது ஆட்சியாண்டில், “நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லிலே வெட்டுக என்று சொன்னான். அக்கன் என்றது குந்தவையை. தான் கொடுத்ததற்கு அடுத்தபடி அக்கா கொடுத்தது, அப்புறம்தான் மனைவியர், மற்றவர்கள். அந்தப் பட்டியலைப் படித்தால் ஒரு கணக்குப்பிள்ளையின் கண்டிப்புத் தெரியும். பொன்னை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்தது, நகையைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லால் நிறுத்தது, நூலை நீக்கி, சட்டமும் செப்பாணியும் அரக்கும் உட்பட இவ்வளவு எடை, முத்து இத்தனை, அதில் வட்டமானது இத்தனை, என்று போகும். அருங்காட்சியகத்தில் இப்போது எழுதுகிற பதிவேட்டில்கூட இவ்வளவு விவரம் இருக்காது.

ஆனால் அந்த நகைகள்? போன இடம் தெரியவில்லை. கல்லில் வெட்டிய பட்டியல் மட்டும் ஆயிரம் வருடமாக நிற்கிறது. அக்கன் குடுத்தன என்று இன்று நாம் பேசுவது முழுக்க அந்தப் பட்டியலை நம்பித்தான்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அவுரும் அக்கான்னுதான் எழுதச் சொன்னாரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “சீட்டு வேண்டாம்னுதான் இன்னும் சொல்றேன். ஆனா அட்டையில இன்னாரோட மனைவின்னு முதல்ல போடாதீங்க. எங்க அக்கான்னு போடுங்க.” சீட்டு விஷயத்தில் நான் தோற்றாலும், இது ஒரு வெற்றிதான்.

பெயர் அட்டை எழுதுவது தனிக் கூத்து. குழு எழுதிவந்த முதல் வரைவில் அத்தையின் பெயருக்கு முன்னால் மாமாவின் பெயர், அதற்கு முன்னால் ‘ஏற்காடு காப்பித் தோட்ட அதிபர்’. மாமா தோட்டத்தில் ரைட்டர். ஆள் வருகைப் பதிவு, கூலிக் கணக்கு, மூட்டைக் கணக்கு எழுதுகிற வேலை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வேர் பிடித்தது. அதிலிருந்து இன்று வரை அங்கே அதிபர்கள் கொஞ்சம், கணக்கு எழுதியவர்கள் நிறைய, காய் பறித்தவர்கள் அதைவிட நிறைய. மாமாவை அதிபராக்கினால் அத்தையின் கொடை ஒரு பணக்கார வீட்டுத் தாராளமாகத் தெரியும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் திருத்தியபோது ஒருவர், “அதிபர்னு இருந்தா ஒரு கௌரவம்ங்க” என்றார். மாமாவின் பெட்டியில் இருந்த அவருடைய கணக்குக் குறிப்பேட்டையும் காட்சிக்கு வைத்தால் போயிற்று என்றேன். வைத்தார்கள். முத்து முத்தான எழுத்து. அந்தக் குறிப்பேட்டைப் பார்க்கிற மாணவிகள் முதலில் சொல்வது, “எவ்ளோ அழகா எழுதியிருக்காங்க” என்பதுதான். அதிபரின் கௌரவம் யாருக்கும் தேவைப்படவில்லை.

பெட்டியைச் செய்த விதம் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு, இது வேறு ரகம். நல்ல தேக்கு, நல்ல கண்ணாடி, உள்ளே சிவப்பு வெல்வெட், மூடி இறுக்கமாக இருக்க ஓரம் முழுக்க ரப்பர் பீடிங். வெள்ளியை எடுத்துக்காட்டச் சிவப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளி கறுப்பதற்குக் காரணம் காற்றில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள். கந்தகத்தோடு சேர்ந்து மேலே வெள்ளி சல்ஃபைடு படலம் கட்டும். ரப்பரைப் பதப்படுத்தவே கந்தகம்தான் சேர்க்கிறார்கள். கம்பளித் துணியும் அப்படியே கந்தகம் விடும். அதாவது வெள்ளியைக் காற்றுப் புகாமல் ரப்பரோடு அடைத்து வைப்பது, அதைக் கறுக்க வைக்கவே செய்த ஏற்பாடு மாதிரி. கறுத்ததும் யாராவது தேய்ப்பார்கள், தேய்த்தால் எடை குறையும். பீடிங்கை எடுத்துவிட்டு, பருத்தித் துணி விரித்து, ஓரத்தில் சின்னக் காற்று வழி விடச் சொல்லியிருக்கிறேன். ‘ஃபண்டு வந்ததும்’ என்றிருக்கிறார்கள்.

பட்டுப் புடவைக்கு வெளிச்சம்தான் எதிரி. பெரிய அருங்காட்சியகங்களில் பட்டுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழ விடுவதில்லை. மங்கலான அறை மாதிரி இருக்கும். வெளிச்சத்தால் ஆகும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், இரவில் விளக்கை அணைத்தால் ஆறிவிடாது. இங்கே பெட்டிக்குள் மேலே ஒரு எல்.இ.டி. பட்டை, பக்கத்தில் ஜன்னல். புடவையை நான்காக மடித்து, ஜரிகை தெரியும்படி வைத்திருந்தார்கள். மடிப்பில்தான் பட்டு முதலில் அறும். விரித்து வைக்க இடமில்லையென்றால் அமிலம் சேராத தாள் சுற்றிய குழலில் சுருட்டி வைத்து, முந்தானை மட்டும் தெரியவிடலாம். அதையும் ஆறு மாதம் காட்டி, ஆறு மாதம் உள்ளே எடுத்து வைத்துவிட வேண்டும். இதைச் செய்துவிட்டார்கள், செலவில்லாத வேலை என்பதால்.

அந்தப் புடவை பிழைத்ததே ஒரு அதிசயம். பழைய ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழை சுற்றி, தங்க முலாம் பூசியது. “பழைய பட்டுப் புடவை வாங்குறதேய்” என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர்கள் அதை எரித்து வெள்ளியை எடுப்பார்கள். சேலத்தில் எத்தனை கல்யாணப் புடவைகள் அப்படி அடுப்பில் போயிருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. அத்தை அதை ஏன் விற்கவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். “விக்கப் போச்சு. அவன் ரொம்பக் கம்மியாக் கேட்டான்னு திரும்பக் கொண்டுவந்துருச்சு” என்றார். பெயர் அட்டையில் இது இல்லை. அங்கே ‘தன் மணநாளின் நினைவாகப் போற்றிப் பாதுகாத்த பட்டு’ என்று இருக்கிறது. இதை நான் திருத்தவில்லை. எல்லாவற்றுக்கும் சண்டை போட முடியாது.

இனி அண்டாவும் மற்றப் பாத்திரங்களும். பெயர் அட்டை எழுத உட்கார்ந்தபோது எனக்கு நிம்மதி தந்தவை இவைதான். ஏனென்றால் இவற்றுக்கு அட்டையே வேண்டாம். பாத்திரக் கடையில் உளியை வைத்துச் சின்னச் சுத்தியலால் டக் டக்கென்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அந்தப் பெயர்கள். அண்டாவில் அத்தையின் பாட்டி பெயர். தவலையில் அத்தையின் அம்மா பெயர், ஊர், கல்யாணத் தேதி. தூக்குப் போசியில் அத்தை பெயர். ஆண்களின் பெயர் பட்டாவில், பத்திரத்தில், ரேஷன் கார்டின் முதல் வரியில் இருக்கிறது. பெண்களின் பெயர் எங்கே எழுதியிருந்தது என்று தேடினால், எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, குண்டாவின் அடியிலும் போசியின் தோளிலும்தான். மூன்று தலைமுறைப் பெண்களின் பெயரை நான் வரிசையாகத் தெரிந்துகொண்டது இந்தப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்த்துத்தான்.

இவற்றைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது என்று பள்ளியின் ஆயாம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தேயத் தேயப் புள்ளிகள் மழுங்கும். ஏற்கெனவே பாட்டி பெயரில் நடு எழுத்து விரலால் தடவினால்தான் தெரிகிறது. “பாசி புடிச்சாப்பல கெடந்தா வர்றவங்க என்ன நெனப்பாங்க கண்ணு?” என்பது அவருடைய கேள்வி. அதுவும் நியாயமான கேள்விதான். ஆயுத பூசைக்கு மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

உள்ளே வெள்ளீயப் பூச்சு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், அதற்காகத்தான் ஈயம் பூசுவது. பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால், மஞ்சள் பாத்திரம் உள்ளே கண்ணாடியாக மாறும். வெள்ளைப் புகை எழும்பும். அந்த வேலை தெரிந்தவர்கள் தெருவில் வருவது நின்று எத்தனையோ காலமாயிற்று. எவர்சில்வர் வந்தது, பித்தளை எடைக்குப் போயிற்று. இந்த ஊர் உருக்காலையிலேயே 1981-ல் ஸ்டெயின்லெஸ் தகடு உற்பத்தி தொடங்கியது. நகரப் பேருந்தில் ‘ஸ்டீல் பிளாண்ட்’ என்ற பலகை பழகிப்போன காலத்தில், எங்கள் தெருவில் பித்தளை ஏறக்குறைய காலி. 

எவர்சில்வர் என்றதும் இன்னொரு சண்டை ஞாபகம் வருகிறது. அத்தை ஓய்வுபெற்ற அன்று மாணவிகள் வாங்கிக் கொடுத்த ஒரு எவர்சில்வர் குடம். கழுத்தில் வகுப்பின் பெயரும், ‘அன்பு டீச்சருக்கு’ என்றும், இயந்திரத்தால் பொறித்த எழுத்து. குழு இதை வேண்டாம் என்றது. பழசு இல்லையாம். “நூறு வருஷம் ஆகலையே, தொல்பொருள் ஆகாதே” என்று ஒருவர் சட்டம் பேசினார். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருள் ஆக நூறு ஆண்டு, சுவடிக்கு 75 ஆண்டு, அதெல்லாம் சரி. அப்படிப் பார்த்தால் அத்தையின் தண்டையும் தேறாது, அத்தையே தேறமாட்டார். அண்டா ஒன்றுதான் தேறும். ஒரு பள்ளிக்கூடத்தின் அருங்காட்சி அறையில், அந்தப் பள்ளியின் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கிய குடத்தைவிடப் பொருத்தமான பொருள் எது? கடைசியில் அது உள்ளே வந்தது. ஆனால் குடமாக அல்ல, பூ வைக்கிற ஜாடியாக, அத்தையின் படத்துக்கு முன்னால்! அதிலும் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. குடம் வேலை பார்க்கிறது.

படம் என்றேன். மாலை போட்ட பெரிய படம், இரண்டு பக்கமும் விளக்கு. குருபூசை மாதிரி இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அத்தை சாமியும் இல்லை, சாதுவும் இல்லை. கோபக்காரர். காப்பி ஆறிப்போனால் திட்டுவார். அடகுக் கடைக்காரரோடு வட்டியில் நாலணாவுக்கு அரைமணி நேரம் வாதாடுவார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். 1962-ல் சீன யுத்தத்தின்போது பாதுகாப்பு நிதிக்கு நாடு முழுக்கப் பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தார்களே, அப்போது பள்ளியிலும் தட்டு ஏந்தி வந்தார்கள். அத்தை தன் ஒற்றை மோதிரத்தைக் கொடுத்துவிட்டு, ரசீது கேட்டு வாங்கினாராம். தலைமையாசிரியைக்கு முகம் சுருங்கிவிட்டதாம். அந்த ரசீதும் அதே பிஸ்கட் டப்பாவில் இருந்தது. கொடுத்ததற்கும் கணக்கு, அடகு வைத்ததற்கும் கணக்கு. பட்டறை வீட்டில் பிறந்தவர், வெள்ளிப் பொடி சிந்தினால்கூட மண்ணோடு கூட்டிச் சலித்து எடுக்கிற வீட்டில் வளர்ந்தவர், வேறு எப்படி இருப்பார்?

படத்தைச் சின்னதாக்கும் முயற்சியில் நான் தோற்றுவிட்டேன். பழைய மாணவிகள் விடவில்லை. அவர்களில் சிலர் அந்தப் படத்தின் முன் நின்று அழுததைப் பார்த்த பிறகு நானும் மேற்கொண்டு பேசவில்லை.

சீட்டுகள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு பழைய மாணவிதான் அதைத் திசை திருப்பினார். இப்போது அவரே ஓய்வுபெற்ற செவிலியர். திறப்பு விழாவுக்கு முன் உதவிக்கு வந்திருந்தவர், மேசைமேல் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்து, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ‘மு. நர்சிங் பீஸ்’. “டீச்சர் சேமிச்சு வெச்சிருந்த பணம்னுதான் எங்கிட்டச் சொன்னாங்க” என்றார். சித்தப்பா அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் குழு முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு சீட்டு வைக்கலாம், கடையின் பெயர் தெரியாமல் மறைத்துவிடலாம், மீட்ட சீட்டாக இருக்கட்டும், மூழ்கியது வேண்டாம் என்று முடிவாயிற்று. பின்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறார்கள். ‘ரா. புஸ்தகம்’. செவிலியரின் சீட்டை அவரே வேண்டாம் என்றுவிட்டார். என்னைக் கேட்டால் மூழ்கிய சீட்டைத்தான் வைத்திருக்க வேண்டும். மீட்ட நகை பக்கத்திலேயே பளபளக்கிறது, அதற்குச் சாட்சி தேவையில்லை. மற்றச் சீட்டுகள் உறையில் போட்டுப் பதிவேட்டில் எண் கொடுத்து அலமாரியில் இருக்கின்றன. ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டேன். அது உருகிக் காகிதத்தில் ஒட்டத் தொடங்கியிருந்தது. முழுப் பெயர் எங்கும் வரக்கூடாது, முதலெழுத்தோடு நிற்கட்டும் என்று பதிவேட்டிலேயே ஒரு குறிப்பு எழுதச் சொன்னேன். வாங்கியவர்களுக்கும் மானம் உண்டு என்பதில் சித்தப்பாவுக்கும் எனக்கும் ஒரே கருத்துதான்.

இப்போது புதிதாக ஒரு விவகாரம், பாலாடையைப் பற்றி.

குழந்தைக்கு மருந்தும் பாலும் புகட்டும் அந்த மூக்கு வைத்த சின்ன வெள்ளிக் கிண்ணத்தை அத்தை தன் பிள்ளைக்குப் பயன்படுத்தக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் நான், தம்பி, சித்தப்பா பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் என எல்லோரும் அதில்தான் உரை மருந்து குடித்தோம். குழந்தை பிறந்த வீட்டுக்கு அத்தை அதை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவருவார், மூன்று மாதம் கழித்து ஞாபகமாகத் திரும்ப வாங்கிப் போவார். இதைப் பழங்காலத்துப் பொருள் என்று நினைக்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்து, தாயிடம் உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைகளுக்கு இன்றும் நம் ஆஸ்பத்திரிகளின் பச்சிளங்குழந்தை வார்டுகளில் பாலாடையால்தான் பால் புகட்டுகிறார்கள். எவர்சில்வரில் செய்தது, கொதிநீரில் போட்டு எடுக்க வசதியானது. புட்டியைவிடச் சுத்தம்.

சித்தப்பா பேத்திக்கு வரும் மார்கழியில் பிரசவம். அத்தையின் பாலாடைதான் வேண்டும் என்கிறாள். பள்ளியோ, பதிவேட்டில் ஏறிய பொருள் வெளியே போகக் கூடாது, ஒன்றுக்கு விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்கிறது. அவர்கள் சொல்வதில் தப்பில்லை. எந்த அருங்காட்சியகமும் அப்படித்தான் சொல்லும். ஆனால் பெரிய அருங்காட்சியகங்களே ஒன்றுக்கொன்று பொருளை இரவல் கொடுத்து வாங்கிக்கொள்வதில்லையா? அதற்கென்று படிவம் இருக்கிறது, காலக்கெடு இருக்கிறது, போகும்போது எடை, வரும்போது எடை. அதே முறையில் மூன்று மாதம் தரச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீழே கையெழுத்து சித்தப்பாவுடையது. திருப்பித் தராவிட்டால் என்ன செய்வது என்று குழுவில் ஒருவர் கேட்டபோது, அதற்கு ஈடாகத் தன் வாட்சை வைத்துவிட்டுப் போகிறேன், சீட்டு மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று சித்தப்பா சொன்னாராம். குழு அடுத்த மாதம் கூடுகிறது.